விரலும் நாணயமும்

ஆவி உண்டா இல்லையா என்ற விவாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. உண்டு என்பவர்களும் இல்லை என்பவர்களும் ஆவியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதைக் கூப்பிட உட்கார்ந்த ஆட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களில் ஒருவனாக நானும் இருந்திருக்கிறேன்.

பதினேழு வருஷங்களுக்கு முன், பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் ஒருவனுடைய பெட்டியிலிருந்து, மெஸ் கட்டணத்துக்காக அவன் வைத்திருந்த இரண்டாயிரம் ரூபாய் காணாமற் போயிற்று. ஊராக இருந்தால் வெற்றிலையில் மை போட்டுப் பார்த்திருப்பார்கள். நாங்கள் ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்கள் அல்லவா? சார்ட் அட்டையில் ஆங்கில எழுத்துக்களை வட்டமாக எழுதினோம். ஒரு பக்கம் 'ஆம்', மறுபக்கம் 'இல்லை'. நடுவில் ஒரு ரூபாய் நாணயம். விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றி, நான்கு பேர் ஆட்காட்டி விரலை நாணயத்தின் மேல் வைத்தோம். வந்திருப்பது யார் என்று கேட்டதற்கு அர்த்தமில்லாத எழுத்துக்கள் கிடைத்தன. பணத்தை எடுத்தது யார் என்று கேட்டபோது நாணயம் சற்றுத் தயங்கி, அரை வட்டம் போட்டு, ஒரு எழுத்தின் மேல் போய் நின்றது. அடுத்த எழுத்துக்கு நாங்கள் காத்திருக்கவில்லை. அந்த எழுத்தில் பெயர் தொடங்குகிறவன் எங்கள் வராந்தாவில் ஒருவன்தான். உதவித்தொகை வந்த பிறகே கட்டணம் கட்டுகிறவன்.

யாரும் அவனைத் திருடன் என்று சொல்லவில்லை. அவன் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. அதுவரை திறந்து கிடந்த பெட்டிகளில் பூட்டுத் தொங்கிற்று. அந்தப் பருவம் முடிவதற்குள் அவன் விடுதியைக் காலிசெய்துவிட்டு வெளியே அறை எடுத்துப் போய்விட்டான். பணம் கடைசிவரை கிடைக்கவில்லை.

நாணயத்தை நான் தள்ளவில்லை. இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன். மற்ற மூவரும் அப்படியே சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. என் பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது.

பொய் என்றால் சுலபம். 1848இல் நியூயார்க் மாநிலத்து ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில் ஃபாக்ஸ் சகோதரிகள் ஆவிகளோடு தட்டும் ஓசைகளின் மூலம் பேசினார்கள். ஒரு புதிய மதமே அதிலிருந்து கிளம்பிற்று. நாற்பது வருஷம் கழித்து, 1888இல், சகோதரிகளில் ஒருவரான மார்கரெட் நியூயார்க்கில் மேடையேறி, அந்த ஓசைகள் தன் கால்விரல் மூட்டிலிருந்து வந்தவை என்று செய்துகாட்டினார். அடுத்த வருஷமே அதை வாபஸ் வாங்கிக்கொண்டார் என்பது வேறு விஷயம். இந்த மாதிரிச் சம்பவத்தில் தார்மீகச் சிக்கல் எதுவும் இல்லை. ஏமாற்றியவர் இருக்கிறார், ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். ஏமாற்றாமலே நடந்துவிட்ட காரியத்தை எந்தக் கணக்கில் வைப்பது?

1853இல் லண்டன் முழுக்க மேஜை சுற்றும் மோகம் பிடித்திருந்தது. பலர் கூடி மேஜைமேல் கை வைத்தால் மேஜை நகரும். மைக்கேல் ஃபாரடே இதைச் சோதிக்க முன்வந்தார். நேர்மையில் சந்தேகமில்லாதவர்களையே அவர் கூட்டிக்கொண்டார் என்பது முக்கியம். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் இளகிய பசை உருண்டைகளை வைத்து, அதன்மேல் கை வைக்கச் சொன்னார். மேஜை முதலில் நகர்ந்திருந்தால் அடியிலுள்ள அட்டை முந்தியிருக்க வேண்டும். மேல் அட்டைதான் முந்தியிருந்தது. கைதான் மேஜையைத் தள்ளியது, கைக்குடையவருக்குத் தெரியாமல். அதற்கு முந்தின வருஷமே வில்லியம் கார்ப்பென்டர் என்ற உடலியல் அறிஞர் இதற்கு ஒரு பெயர் கொடுத்திருந்தார். எண்ணம், சித்தத்தின் அனுமதியைக் கேட்காமல் நேராகத் தசைக்குள் இறங்கிவிடுகிற காரியம் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

பகுத்தறிவாளர்கள் இந்த இடத்தோடு திருப்தியடைந்து எழுந்து போய்விடுவார்கள். ஃபாரடே எழுந்து போகவில்லை. அவர் ஒரு முள்ளைப் பொருத்தினார். கை பக்கவாட்டில் அழுத்தினால் முள் சாய்ந்து காட்டும். முள் கண்ணில் படாதபடி மறைத்திருந்தபோது மேஜை வழக்கம்போல் நகர்ந்தது. முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி வைத்ததும் அழுத்தம் நின்றுவிட்டது. யாரும் அவர்களைக் கண்டிக்கவில்லை. தங்கள் கை என்ன செய்கிறது என்று பார்க்க முடிந்ததும் கை அதைச் செய்வதை விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

எனக்கு இது பௌதிகத்தைவிட ஒழுக்கத்தைப் பற்றிய சோதனையாகவே படுகிறது. தெரியாமல் செய்தேன் என்பது பெரும்பாலும் ஒரு மன்னிப்புக் காரணம். ஆனால் இங்கே தெரியாமல் இருப்பதுதான் செய்வதற்கான நிபந்தனை. அந்தத் தெரியாமையும் தற்செயல் அல்ல. மெழுகுவர்த்தி வெளிச்சத்தை, நான்கு விரல்களை, கேள்வி கேட்கும் அந்தக் குரலை எல்லாம் நாங்கள்தான் ஏற்பாடு செய்தோம். ஒவ்வொருவனும் தான் தள்ளுவது தனக்குத் தெரியாதிருக்கும்படி பார்த்துக்கொண்டோம். எங்கள் நால்வருக்குள்ளும் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு இருந்தது. அதை வாயால் சொல்லும் யோக்யதையோ தைரியமோ எவனுக்கும் இல்லை. நாணயம் சொல்லிவிட்டது.

விளையாட்டின் விதிகளைக் கவனித்தால் இந்த ஏற்பாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1880களில் ஜப்பானில் கொக்குரிஸான் என்ற விளையாட்டு ஊரெங்கும் பரவிற்று. மூன்று மூங்கில் குச்சிகளை முக்காலிபோல் கட்டி, மேலே ஒரு மூடியை வைத்து, சுற்றி உட்கார்ந்தவர்கள் கை வைப்பார்கள். அது சாய்ந்து பதில் சொல்லும். வருவது நரி ஆவி என்று நம்பிக்கை. இனோவே என்ர்யோ என்ற தத்துவவாதி இதை ஆராய்ந்து 1887இல் ஒரு புத்தகம் எழுதினார். ஷிமோடா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த அமெரிக்க மாலுமிகளிடமிருந்து இது கிளம்பியது என்றும், மூங்கிலை அசைப்பது எதிர்பார்ப்பில் ஊறிய மனமும் தசையும் என்றும் அவர் விளக்கினார். மேஜை கடல் தாண்டிப் போய் நரியாகிவிட்டது. அமெரிக்காவிலோ 1891இல் எழுத்துப் பலகைக்குக் காப்புரிமை வாங்கி, ஊயிஜா என்ற பெயரில் பொம்மைக் கடைச் சரக்காக விற்றார்கள்.

கொக்குரிஸான் 1970களில் ஜப்பானியப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் திரும்பி வந்தது. இம்முறை காகிதத்தில் எழுத்துக்கள், மேலே ஒரு கோயில் வாசல், பத்து யென் நாணயம். பாதியில் விரலை எடுக்கக் கூடாது. முடிக்கும்போது தயவுசெய்து திரும்பிப் போங்கள் என்று ஆவியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு காகிதத்தைக் கிழித்துவிட வேண்டும், நாணயத்தைச் சீக்கிரம் செலவழித்துவிட வேண்டும். பயத்தின் விதிகள் என்று இவற்றைச் சொல்வார்கள். எனக்கு இவை தடயத்தை அழிக்கும் விதிகளாகவும் தெரிகின்றன. எங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தந்ததில்லை. ஆனாலும் மறுநாள் காலை அந்த அட்டையை எரித்தோம். அந்த ஒரு ரூபாயை டீக்கடையில் கொடுத்துவிட்டோம்.

இந்த இடத்தில் கவிஞர்கள் ஆட்சேபிக்கலாம். தள்ளாத கையிலிருந்துதானே எல்லாக் கவிதையும் வருகிறது என்பார்கள். 'நான் எழுதவில்லை, அது தானாக வந்தது' என்று நம்மிலும் பலர் சொல்லிக்கொள்கிறோம். அமெரிக்கக் கவி ஜேம்ஸ் மெர்ரில் தன் துணைவர் டேவிட் ஜாக்ஸனோடு 1955இலிருந்து பல வருஷங்கள் எழுத்துப் பலகைமேல் ஒரு கோப்பையைக் கவிழ்த்துவைத்து இறந்தவர்களோடு பேசினார். அதிலிருந்து 1982இல் முழுமையாக வெளிவந்ததுதான் அவருடைய பெரிய நெடுங்கவிதை. அவர் அதை நம்பினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. கோப்பை சொன்னதை எடுத்து, திருத்தி, சந்தேகித்து, அந்தச் சந்தேகத்தையும் கவிதைக்குள்ளேயே எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டார். ஜாக்ஸனின் கையும் அந்தக் கோப்பைமேல் இருந்தது, அட்டையில் அவர் பெயர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் தானாக வந்ததற்கு ஒருவர் பொறுப்பேற்றார். 'தானாக வந்தது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் எங்கள் விடுதி அறையைச் சேர்ந்தவர்கள்.

கூப்பிடப்படுகிற ஆவிகள் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் கசப்பாகிறது. சீனத்தில் 5ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைக்கப்பட்ட ஒரு வழக்கம் உண்டு. ஸிகு என்பவள் ஒரு வீட்டில் ஆசைநாயகியாக இருந்தவள். மூத்த மனைவி பொறாமையில் அவளுக்கு அசுத்த வேலைகளையே கொடுத்து வதைத்தாள். முதல் மாதம் 15ஆம் நாள் அவள் செத்துப்போனாள். அந்த இரவில் அவளைப்போல் ஒரு பொம்மை செய்து, கழிப்பிடத்திலோ பன்றிக் கொட்டகையிலோ வைத்துக் கூப்பிடுவார்கள். பொம்மை கனத்தால் அவள் வந்துவிட்டாள். பட்டுப்புழு இந்த வருஷம் எப்படி என்று கேட்பார்கள். கூப்பிடும்போது அவளுக்கு ஒரு உறுதி சொல்ல வேண்டும்: கணவன் வீட்டில் இல்லை, மூத்தவளும் போய்விட்டாள், நீ வெளியே வரலாம் என்று. அவளிடம் பரிவோடு சொல்லப்படுவதுதான். ஆனால் பொறுப்பாளிகள் யாருமே வீட்டில் இல்லை என்று சொல்லித்தான் ஒரு கொலையுண்டவளிடம் நாம் பேச முடிகிறது. பேசுவதும் பட்டுப்புழுவைப் பற்றி.

நான் வங்கியில் குமாஸ்தா. இறந்தவர்களின் கணக்குகள் என் மேஜைக்கும் வரும். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண்மணி, இறந்துபோன கணவரின் பாஸ்புத்தகத்தோடு வந்தார். பதினோராயிரத்துச் சொச்சம் ரூபாய், வாரிசு நியமனம் இல்லை. சிறு தொகைக்கு ஒரு உறுதிப்பத்திரம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட விதியில் இடம் இருந்தது. ஆனால் கொடுக்கலாம் என்று முதலில் எழுதுகிறவன் யாராக இருப்பது? நான் 'மேல்பார்வைக்கு' என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். அடுத்தவர் 'சட்டப் பிரிவின் கருத்துக்கு' என்று எழுதினார். அதற்கடுத்தவர் ஒரு சான்றிதழ் குறைகிறது என்று என்னிடமே திருப்பினார். ஐந்து சுருக்கொப்பங்கள் அந்தத் தாளில் சேர்ந்தன. யாரும் மறுக்கவில்லை. ஆனால் தாள் மெதுவாக 'இல்லை' என்ற பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. 'யாருங்க சார் வேணாம்னு சொல்றது? அவர்கிட்ட நான் பேசறேன்' என்று அந்த அம்மாள் கேட்டார். உண்மையிலேயே என்னால் ஒரு ஆளைக் காட்ட முடியவில்லை. கடைசியில், மாற்றலாகி வந்த ஒரு அதிகாரி தாளைப் படித்துப் பார்த்து, 'சிபாரிசு செய்கிறேன்' என்று எழுதி முழுக் கையெழுத்துப் போட்டார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். புது விதி எதுவும் வந்துவிடவில்லை. அந்த அம்மாள் அதற்குள் மூன்று முறை பஸ் ஏறி வந்திருந்தார்.

திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பழையனூரின் நீலி கதை நமக்குத் தெரியும். கொன்றவனைத் தேடிவந்த பேய் மனைவி வேஷம் போட்டு வழக்காடுகிறது. ஊர் வேளாளர் எழுபது பேர் கூடி, அவளோடு இருக்கும்படி வணிகனுக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அவன் பயப்படுகிறான். உனக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் தருகிறோம் என்கிறார்கள். இரவில் நீலி அவனைக் கொன்றுவிடுகிறாள். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். அவர்கள் தீர்ப்பு தவறு. கையில் குழந்தையோடு அழுத ஒருத்தியைப் பார்த்து, தங்களுக்குத் தோன்றியபடி ஒருவனைக் கூட்டமாக ஒரு கதவுக்குள் தள்ளினார்கள். நாங்கள் நாணயத்தை வைத்துச் செய்ததும் ஏறக்குறைய இதுதான். வித்யாசம், தள்ளுவது நாங்கள்தான் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தள்ளினார்கள். எழுபது பேர் என்பதால் பொறுப்பு எழுபதில் ஒரு பங்காகக் கரைந்துவிடவில்லை. ஒவ்வொருவனுக்கும் அது முழுசாக இருந்தது. நம் பேச்சுவழக்கு நீலிக் கண்ணீரை வைத்துக்கொண்டு அந்த எழுபது பேரை விட்டுவிட்டது.

நான் யாரையும் தீயில் இறங்கச் சொல்லவில்லை. அந்தத் தண்டனையில் எனக்குச் சம்மதமும் இல்லை. முழுக் கையெழுத்துப் போதும். ஃபாரடேயின் முள் போதும், அதைப் பார்க்கிற இடத்தில் வைத்துக்கொண்டால்.

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அவன் எடுத்தானா இல்லையா என்பதும் தெரியாது. எடுத்திருந்தாலும் நாங்கள் செய்தது மாறாது. நான் தள்ளவில்லை என்பது உண்மை. என் விரல் நாணயத்தின் மேல் இருந்தது என்பதும் உண்மை. முதலாவதை இத்தனை வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவந்திருக்கிறேன். இரண்டாவதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.