உத்தரவு கேட்டு நிற்கும் இடம்

நெடும்பயணம் கிளம்பும்போது வீட்டில் சாமி கும்பிட்டதோடு நாம் விட்டுவிடுவதில்லை. ஊர்க்கோடியில் முனீஸ்வரனோ அய்யனாரோ இருக்கும் இடத்தில் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கிச் சூடம் ஏற்றுவார், தேங்காய் உடைப்பார். சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி நகரும். தெரிந்த மண் முடிகிற இடத்தில் சற்று நின்று, காவல் நிற்பவரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு போவது நம் வழக்கம்.

பர்மாவின் யாங்கோனிலும் இந்த வழக்கம் உண்டு. நகருக்கு வடக்கே தவுக்கியனைத் தாண்டி, பகோ செல்லும் சாலையோரம் ஷ்வே ஞாங் பின் என்ற ஆலமரக் கோயில் இருக்கிறது. பர்மியர் 'நாட்' என்று வணங்கும் காவல் தெய்வத்தின் இடம் அது. புது வண்டி வாங்கியவர்கள் அதை அங்கே ஓட்டி வருகிறார்கள். சந்நிதி முன்னால் ஓட்டுநர் மூன்று முறை வண்டியை முன்னும் பின்னும் நகர்த்துவார். வண்டி தலை தாழ்த்திக் கும்பிடுவதாகக் கணக்கு. மொழி வேறு, மரபு வேறு. ஆனால் சாலை தொடங்கும் இடத்தில் பணிந்து நிற்க வேண்டும் என்ற அறிவு ஒன்றே.

தவுக்கியனில்தான் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மாண்டலே பக்கம், மற்றொன்று பியே பக்கம். பியேயின் அன்றைய பெயர் புரோம். 1941 டிசம்பர் 23 அன்று, அப்போது ரங்கூன் எனப்பட்ட யாங்கோன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபோது, நகரின் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் இந்திய வம்சாவளியினர். தப்பி இந்தியா போகக் கப்பலில் எல்லோருக்கும் இடமில்லை. புரோம் வழியே மலையேறித் தவுங்கப் கணவாய்க்குச் சிலர் போனார்கள். வடக்கே கலேவா, தாமு வழியாக மணிப்பூருக்குப் பலர் போனார்கள். இப்படித் தரைவழியே கிளம்பியவர்கள் சுமார் 4 லட்சம் பேர். அவர்கள் கடக்க வேண்டியிருந்த எல்லைக்கு அப்போது வயது ஐந்துகூட நிறையவில்லை. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்.

புறப்படும்போது எல்லாம் அவசியமாகத்தான் தெரிந்திருக்கும். பெட்டி, பாத்திரம், படுக்கை என்று தலையில் ஏற்றியதை ஏற்றம் வர வர வழியிலேயே விட்டுப் போனார்கள். காலராவும் பசியும் ஆயிரக்கணக்கில் உயிர்களைக் கொண்டுபோயின. தவுக்கியன் போர்க் கல்லறையில், கல்லறை இல்லாமல் போன சுமார் 27,000 போர்வீரர்களின் பெயர்கள் தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. அதே சாலையில் மூட்டையோடு போன கூலிக்காரருக்கும் அவர் மனைவிக்கும் அப்படி ஒரு கல் இல்லை. அவர்களை நினைப்பது நம் பிரார்த்தனையின் வேலை.

எல்லை இன்னொரு முறையும் நம்மவரைச் சோதித்தது. 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964-ல் கடைகள் அரசுடைமையாயின, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. தமிழர்கள் கப்பலேறித் தாயகம் வந்தார்கள். பலருக்கு அது பிறந்த ஊர் அல்ல, தாத்தா சொன்ன ஊர். அவர்களில் சிலர் பர்மாவுக்கே திரும்ப எண்ணி, மணிப்பூர் வரை போனார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள தாமுவில் அனுமதி கிடைக்கவில்லை. திரும்பிப் போகவும் மனமில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் மோரே என்ற சிற்றூரில் குடிசை போட்டார்கள், கடை வைத்தார்கள், தமிழ்ச் சங்கம் அமைத்தார்கள், அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் எழுப்பினார்கள்.

மனம் அந்தக் கோயிலைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் கோயில் கட்டுவது இயல்பு. யாங்கோன் அனவ்ரதா சாலைக் காளி கோயிலை 1871-ல் தமிழர்கள் எழுப்பியது அப்படித்தான். மோரேக்காரர்களோ போய்ச் சேராத இடத்தில் கட்டினார்கள். தடுக்கப்பட்ட இடத்தைத் தண்டனையாகக் கொள்ளாமல், அம்மன் நிறுத்திய இடமாக ஏற்றுக்கொண்டார்கள். எல்லையில் தெய்வம் இருக்கும் என்று ஊர்க்கோடியில் கற்றதை, நாட்டின் கோடியில் வாழ்ந்து காட்டினார்கள்.

தாமு-மோரே வாயில் 2018 ஆகஸ்ட் 8 அன்று கடவுச்சீட்டும் விசாவும் உள்ள பயணிகளுக்குத் திறந்தது. 2020-ல் கொரோனா வந்து மூடியது. அரசுகள் திறக்கும், மூடும். அது நம் கையில் இல்லை. காகிதங்களைச் சரிபார்ப்பதும், சுமையைக் குறைப்பதும், வழியில் உதவியவரை மறவாதிருப்பதும் நம் கையில் இருக்கின்றன.

அம்மனிடம் பூப்போட்டுக் கேட்கிறோம். வெள்ளையும் வரும், சிவப்பும் வரும். நாம் நினைத்த பூ வந்தால்தான் ஏற்போம் என்றால் அது கேட்பதாகாது. எல்லை கடக்கத் தயாராகும் மனமும் அப்படியே: போ என்றால் பணிவோடு போகவும், நில் என்றால் நின்ற இடத்தில் வாழவும் ஒருசேரத் தயாராக வேண்டும். முதலாவதற்கு மூட்டை கட்டினால் போதும். இரண்டாவதற்குத்தான் தினமும் கும்பிட வேண்டியிருக்கிறது.