கதைக்கு வெளியே ஒரு கேள்வி

உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் கதை எழுதுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் எழுதும் நாள். ரசிகர்கள் வரும் நாளும் அதுதான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். இரண்டு பேர் இளைஞர்கள். மூன்றாமவர் அவர்கள் தெருவில் வசிக்கும் அம்மாள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

காப்பி வந்தது. பேச்சு வளர்ந்தது. "அந்தப் பெண்ணை ஏன் சார் அவனுக்குக் கட்டி வச்சீங்க?" என்று இளைஞர்களில் ஒருவர் சண்டைக்கு வந்தார். நானும் விட்டுக்கொடுக்காமல் வாதாடினேன். இதெல்லாம் எழுதுகிறவனுக்குச் சந்தோஷமான விஷயந்தான். எழுந்திருக்கும் சமயத்தில் அதுவரை பேசாதிருந்த அம்மாள் கேட்டார்: "உங்க கதையிலே பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அவனை மறுபடியும் பார்ப்பேன்னு சொல்றாளே, அதை நீங்க நம்பறீங்களா?"

நான் சிரித்துக்கொண்டே, "அது அவளுடைய நம்பிக்கை அம்மா. எழுதறவன் எல்லாருக்காகவும் பேச வேண்டியவன்" என்றேன்.

சாமர்த்தியமான பதில். அவர் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். சற்றுப் பொறுத்து ஓர் இளைஞர் மட்டும் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "அவங்களோட ஒரே பையன் போன வருஷம் தவறிட்டான், சார்."

கதைக்கு வெளியே வந்து வாசகருக்குப் பதில் சொல்ல ஆசிரியன் கடமைப்பட்டவனா? அன்று முழுவதும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடமை இல்லை என்று வாதிப்பது சுலபம். சொல்ல வேண்டியதைக் கதை சொல்லிவிட்டது. எழுதியவனுடைய பக்தியும் குடும்பமும் அவன் சொந்த விஷயம். இந்த வாதத்தை நானே பல கூட்டங்களில் கைதட்டலுக்கிடையே சொல்லியிருக்கிறேன்.

அப்போதுதான் ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ஞாபகம் வந்தது. அவரும் ஓய்வு நேரத்து எழுத்தாளர். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். அவருடைய கதைகளுக்கு முதல் ரசிகர்கள் அவருடைய குழந்தைகளே. 1920 முதல் இருபது வருஷங்களுக்கு மேலாக, கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவதுபோல் அவர்களுக்குக் கடிதம் எழுதிப் படமும் வரைந்து கொடுத்தார். பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஒருநாள், மாணவன் வெறுமையாக விட்டிருந்த பக்கத்தில் ஒரு வாக்கியத்தைக் கிறுக்கினார். அது வளர்ந்து 1937-இல் 'தி ஹாபிட்' என்று வெளியாயிற்று. அதன் தொடர்ச்சியாக ஆரம்பித்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-லும் 1955-லும் மூன்று பாகங்களாக வந்தது.

அந்தப் பெரிய கதையில் கோயில் இல்லை, பூசாரி இல்லை, வழிபாடு என்பது அநேகமாக இல்லவே இல்லை. எழுதியவருக்குத் தெய்வ நம்பிக்கை கிடையாதோ என்று யாரும் சந்தேகிக்கலாம். ஆனால் 1953-இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இது அடிப்படையில் ஒரு சமய நூல், கத்தோலிக்க நூல் என்று டோல்கீன் சொல்கிறார். மதத்தைப் பற்றிய பேச்சைத் தாம் எடுத்துவிட்டதற்குக் காரணமே, அது கதைக்குள் கரைந்திருப்பதுதான் என்கிறார். அதே கடிதத்தில், இந்த நம்பிக்கை தம் தாயார் தந்தது என்றும் எழுதுகிறார். அந்த அம்மையார் 1900-இல் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார். உறவினர்கள் உதவியை நிறுத்தினார்கள். கணவரை முன்பே இழந்திருந்தவர், இரண்டு பையன்களுடன் கஷ்டப்பட்டு 1904-இல் நீரிழிவு நோயால் காலமானார். டோல்கீனுக்கு அப்போது வயது 12. அம்மா எதற்காகக் கஷ்டப்பட்டாளோ அதை மகன் கடைசி வரையில் விடவில்லை.

ரசிகர்களின் தொல்லையையும் அவர் அனுபவித்தவர். அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது இங்கிலாந்தில் இரவு என்பதை மறந்து, நடுநிசியில் டெலிபோன் செய்தவர்கள் உண்டு. 1968-இல் அவரும் மனைவியும் முகவரியை ரகசியமாக வைத்துக்கொண்டு கடலோர ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். இதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். ஓய்வு நேரத்தில் எழுதுகிறவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய நேரத்தை எடுத்துத்தான் எழுதுகிறான். மிச்சத்தையும் ரசிகர்களுக்குத் தானம் செய்ய அவனுக்கு உரிமை இல்லை.

ஆனால் 1969 மே மாதம் என்ன நடந்தது? அவருடைய பதிப்பாளரின் மகள், பள்ளிக்கூடப் பெண், வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று கேட்டு அவருக்கு எழுதினாள். பள்ளியில் கொடுத்த வேலைக்காகக் கேட்ட கேள்வி. 77 வயதுக் கிழவர் ஒரு வரியில் ஆசி கூறி முடித்திருக்கலாம். அவரோ நீண்ட பதில் எழுதினார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பதில் தொடங்கி, நம்மால் இயன்ற வழிகளிலெல்லாம் கடவுளைப் பற்றிய அறிவைப் பெருக்கிக்கொண்டு, அதனால் துதிக்கவும் நன்றி கூறவும் தூண்டப்படுவதே நோக்கம் என்று தம் மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் சொன்னார்.

நடுநிசி டெலிபோனுக்குக் கதவைச் சாத்தியவர், சிறுமியின் கேள்விக்குத் திறந்தார். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் அந்த ஞாயிற்றுக்கிழமை தவறவிட்டேன். ஆவலினால் கேட்பவர் உண்டு. தேவையினால் கேட்பவர் உண்டு. முதலாமவருக்குப் பதில் சொல்வது மரியாதை. இரண்டாமவருக்குச் சொல்வது கடமை. சாப்பாட்டைப் பரிமாறுகிறவனிடம் "உன் வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால் அவன் பேசாமலிருக்கலாம். "இதை நீ சாப்பிடுவாயா?" என்று கேட்டால் பேசாமலிருக்க முடியுமா? அந்தத் தாயின் வாயில் ஆறுதலைப் போட்டு ஊரெல்லாம் பரிமாறியவன் நான். பசியோடு வந்து ஒருவர் கேட்டபோது, சமையல் என்னுடையதல்ல என்று சொல்லிவிட்டேன்.

டோல்கீனுக்கு இருந்த உறுதி எனக்கு இல்லை. அதற்காக நான் நழுவியிருக்க வேண்டியதில்லை. உறுதி இல்லை என்பதும் ஒரு பதில்தானே! அந்த இளைஞரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளுக்கு எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். கடைசியில் நின்றது நாலு வரி: "நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. மறுபடியும் பார்ப்போம் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அந்த வரியை நான் விளையாட்டாக எழுதவில்லை. இறந்துபோன என் தாயாரை நினைத்துக்கொண்டு, அது உண்மையாக இருக்க வேண்டுமே என்று ஆசைப்பட்டு எழுதினேன்."

தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். அன்று கதை ஒரு வரிகூட நகரவில்லை.