கால் அங்குலத்தின் நேர்மை

சிறிய தவறு என்று ஒன்று உண்டா? பிறர் கண்ணுக்குப் புலப்படாத குறையையும் குறை என்றே கொள்ள வேண்டுமா? மனச்சான்றை ஆய்வு செய்ய அமரும்போதெல்லாம் நம்முள் எழும் இவ்வினாக்களுக்கு ஒரு தையற்கலையிலும் விடை தேடலாம் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

அமெரிக்கப் பெண்கள் பல தலைமுறைகளாகத் தைத்து வரும் ஒட்டுப்போர்வை ‘குயில்ட்’ எனப்படும். வண்ணத் துணித் துண்டுகளை ஒழுங்குடன் இணைத்து மேல்விரிப்பாக்கி, நடுவில் பஞ்சும் அடியில் வேறொரு துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைப்பார்கள். அதன் பழைய வடிவங்களுள் ஒன்று ‘பறக்கும் வாத்துகள்’. 19-ஆம் நூற்றாண்டுப் போர்வைகளிலேயே இதைக் காண்கிறோம். உயரத்தைப் போல் இரு மடங்கு அகலமுள்ள ஒரு செவ்வகம். அதன் நடுவில் ஒரு பெரிய முக்கோணம், அது வாத்து. இருபுறமும் இரு சிறிய முக்கோணங்கள், அவை வானம். இத்தகைய செவ்வகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்தால், வலசை போகும் பறவைகள் ஒரே திசை நோக்கிப் பறப்பது போல் தோன்றும்.

தைத்து முடித்தபின் வாத்து 4 அங்குல அகலமும் 2 அங்குல உயரமும் கொண்டிருக்க வேண்டுமாயின், துணியை 4 1/2 அங்குலத்துக்கு 2 1/2 அங்குலமாக வெட்ட வேண்டும். நாற்புறமும் தையலுக்கென்று கால் அங்குலம் விடுகிறோம். அதன் இரு முனைகளிலும் 2 1/2 அங்குலச் சதுரம் ஒவ்வொன்றை வைத்து, மூலைவாட்டாகத் தைத்து, மிகுந்த மூலைகளை வெட்டி நீக்கித் திருப்பினால், இரு தையல்களும் மேல்விளிம்புக்குக் கால் அங்குலம் கீழே சந்திக்கும். அதுவே வாத்தின் கூர்முனை. முனைக்கு மேலுள்ள அந்த ஓரம் பிறகு தையலுக்குள் மறைந்துவிடும். போர்வையை விரித்துப் பார்க்கும் எவரும் அதைக் காணப்போவதில்லை. ஆனால் அது இல்லையென்றால், அடுத்த துண்டை இணைக்கும் தையல் முனையின்மீதே ஏறி அதை மழுக்கிவிடும்.

தவறு பெருகும் விதத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். வாத்துகளை ஒன்றோடொன்று இணைக்கும் தையல் ஒரு வீசம், அதாவது 1/16 அங்குலம், கூடுதலாக உள்ளே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரு துண்டுகளிலும் அவ்வளவு குறைவதால், ஒவ்வோர் இணைப்பிலும் 1/8 அங்குலம் போகிறது. 20 வாத்துகள் கொண்ட வரிசையில் 19 இணைப்புகள். 40 அங்குலம் இருக்க வேண்டிய வரிசை 2 3/8 அங்குலம் குறைந்து நிற்கும். எந்த ஒரு தையலையும் சுட்டி, ‘குற்றம் இதனுடையது’ என்று சொல்ல முடியாது. பக்கத்தில் சரியான அளவில் வெட்டி வைத்த பட்டையோ இதனோடு பொருந்தாமல் சுருங்கிப்போகும். குற்றம் ஒன்றிடம் இருக்க, சுருக்கம் மற்றொன்றில் தெரிகிறது.

நம் இல்லங்களில் நிகழ்வதும் இதுவே அன்றோ? சொல்லாமல் விட்ட நன்றி. சற்றே மாற்றிச் சொன்ன செய்தி. கூலி கேட்டு வந்தவரை ‘நாளை வா’ என்று திருப்பி அனுப்பிய ஒரு மாலை. தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் வீசம் அளவுதான். ஆண்டுகள் கழித்து உடன்பிறந்தோர் ஒரே பந்தியில் அமர இயலாமற் போகும்போது, எந்தத் தையலில் பிசகு தொடங்கியது என்று எவரும் அறியார். ஏதும் அறியாத பிள்ளைகளும் அதில் சுருங்கிப்போகிறார்கள். மிகச் சிறியவற்றில் நேர்மை பற்றி ஆண்டவர் லூக்கா நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில் கற்பிப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியாயின், ஒவ்வொரு பிழையையும் பிரித்துப் பிரித்துத் தைப்பதுதான் அறமா? அதுவும் அன்று. மூலைவாட்டாக வெட்டிய துணி எளிதில் இழுபடும். மீண்டும் மீண்டும் பிரித்தால் அது நைந்து, நீண்டு, முன்னைவிடக் கோணலாகும். கால் அங்குலம் என்னும் விதியைக்கூடக் கைதேர்ந்தவர்கள் ஓரிரு இழை குறைத்தே தைப்பார்கள். துணி மடியும் இடத்தில் அவ்வளவு துணி செலவாகிறது என்பதை அவர்கள் அறிவார்கள். முடிவில் வாத்து சரியான அளவில் அமைவதற்காகவே விதி இருக்கிறது. ஓய்வுநாள் மனிதருக்காக உண்டானது என்று இயேசு உணர்த்தியதும் இதை ஒத்ததே.

ஆமிஷ் மக்கள், கடவுள் ஒருவரே நிறைவானவர் என்பதால், தம் போர்வைகளில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்தார்கள் என்றொரு கதை உலவுகிறது. போர்வைகளின் வரலாற்றை ஆய்ந்தவர்கள் அதற்குச் சான்று காணவில்லை. வேண்டுமென்றே பிழை வைப்பவர், வைக்காவிட்டால் தம் வேலை நிறைவாகிவிடும் என்று எண்ணுகிறார் அல்லவா? அதைத் தாழ்ச்சி என்று எப்படிச் சொல்வது? பிழை செய்ய நம் கைகளுக்கு எவரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

எதைப் பிரிப்பது, எதை விடுவது? அடுத்த துண்டைக் கோணலாக்கும் பிழையைப் பிரித்தே ஆகவேண்டும். நம் பெருமையை மட்டும் உறுத்தும் பிழையை விட்டுவிடலாம். பிரிக்க வேண்டியதை உடனே பிரித்தால் சில நிமிட வேலை. வரிசை முழுவதும் இணைந்தபின் என்றால், பிழையற்ற துண்டுகளையும் சேர்த்தே பிரிக்க நேரும். பாவசங்கீர்த்தனத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நம் பெரியவர்கள் வற்புறுத்தியதில் இந்த அறிவும் இருந்தது.

கால் அங்குலம் என்பது ஒவ்வொரு துண்டும் தனக்கு அடுத்திருப்பதோடு இணைவதற்காகத் தன்னில் இழப்பது. மிகக் குறைவாகக் கொடுத்தால் தையல் விட்டுப்போகும். கூடுதலாகப் பறித்தால் பக்கத்து வாத்தின் முனை போகும். எனவே துல்லியம் என்பது நமக்கு அணிகலன் அன்று. அடுத்திருப்பவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். மறைவானதைக் காணும் தந்தை அந்த ஓரத்தையும் காண்கிறார்.

இன்றிரவு செபத்தில் அமரும்போது, ‘பெரிய பாவம் ஏதும் இல்லை’ என்று விரைந்து எழுந்துவிடாமல், இன்று நம் தையலில் யாருடைய முனை மழுங்கியது என்று கேட்டுப் பார்ப்போம். பிரிக்க வேண்டியது ஏதேனும் இருப்பின், அடுத்த துண்டை இணைப்பதற்கு முன்பே பிரித்துவிடுவோம்.