ஜாமீன் நிற்றல்

நீதிமன்ற வாசலில் நாள்தோறும் புழங்கும் ‘ஜாமீன்’ என்னும் சொல், அரபியில் உள்ள ‘ளாமின்’ என்பதன் வழிவந்தது. பிறருடைய கடனுக்குத் தாம் பொறுப்பேற்பவர் என்பது அதன் பொருள். வாங்கியவர் கொடாதொழிந்தால், ஜாமீன் நின்றவர் தம் கைப்பொருளை எடுத்து வைத்தாக வேண்டும். இலாபத்தில் பங்கு கேளாமல் நட்டத்துக்கு மட்டும் தோள் கொடுக்கும் நிலை அது.

இந்தச் சொல்லை நாம் இங்கே எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. குற்றம் புரிந்து சட்டத்தின் கையில் அகப்பட்ட சிறுவர்க்கு, ஊதியம் எதுவும் பெறாமல் வழித்துணையாய் நிற்க முன்வரும் நல்லோர் எல்லா நாடுகளிலும் இருக்கின்றனர். இத்தகையோர்க்கு நல்ல நிய்யத்து ஒன்றே போதுமா என்பது நம் கேள்வி. போதும் என்றே பலர் விடை பகர்வர். நாம் அவ்வாறு கூறத் தயங்குகிறோம்.

நிய்யத்து செயலுக்கு உயிர், அதில் ஐயமில்லை. ஆயினும், மருத்துவம் கல்லாத ஒருவர் இரக்கத்தால் வைத்தியம் பார்த்து, அதனால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால், அவரே அதற்கு ‘ளாமின்’ ஆவார் என்பது ஃபிக்ஹு நூலோர் கண்ட முடிவு. எண்ணத்தின் தூய்மை அவரைப் பொறுப்பினின்றும் விடுவிப்பதில்லை. உடலுக்குச் செய்யும் வைத்தியத்திற்கே இந்த நியதி என்றால், இளம் உள்ளத்திற்குச் செய்யும் வைத்தியத்தை என்னென்பது?

இதனை விளக்க அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வரலாறு பெரிதும் உதவும். 1841ஆம் ஆண்டு, காலணி செய்யும் தொழிலினரான ஜான் அகஸ்டஸ் என்பவர், குடிப்பழக்கத்திற்காகக் குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நின்ற ஒருவருக்குத் தாமே ஜாமீன் நின்றார். அந்த மனிதர் திருந்திய நிலையில் மூன்று வாரங்களுக்குப் பின் மன்றத்திற்குத் திரும்பினார். அது முதல் அகஸ்டஸ் இப்பணியைக் கைவிடவில்லை. 1847இல் மட்டும் 7 முதல் 15 வயது வரையுள்ள 19 சிறுவர்க்கு அவர் ஜாமீன் நின்றார். பள்ளிக்கு அனுப்புதல், வேலை தேடித் தருதல், தங்க இடம் பார்த்தல், தவணை நாளில் நீதிபதியின் முன் கொண்டுவந்து நிறுத்துதல் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. நீதிமன்றம் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை; அவருடைய தொழிலோ நலிந்தது. 1859இல் மறையும் வரை அவர் இப்பணியிலேயே நிலைத்தார். ஊதியம் பெறும் நன்னடத்தை அலுவலரை மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டத்தின் வழி ஏற்படுத்தியது அதற்குப் பின், 1878இல்தான்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது. பாஸ்டனுக்கு அண்மையில் உள்ள கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய இரு நகரங்களில், ரிச்சர்டு கேபட் என்னும் மருத்துவர் ஒரு பெருந்திட்டம் வகுத்தார். சிறுவருக்கு நல்ல பெரியவர் ஒருவரின் நட்பு வாய்த்தால் அவர்கள் குற்றவழியில் செல்லார் என்பது அவர் நம்பிக்கை. 506 சிறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒத்த நிலையினர் இருவர் இருவராக இணைக்கப்பட்டனர். நாணயம் சுண்டிப் பார்த்து, இருவரில் ஒருவருக்கு மட்டும் உதவி அளிக்கப்பட்டது. 1939இல் தொடங்கிய பணி 1945இல் முடிவுற்றது. பணியாற்றியோர் ஊதியம் பெற்றவர்களே. எனினும் அன்புடன் வீடு தேடிச் சென்றனர். பாடம் சொல்லித் தந்தனர். மருத்துவ உதவிக்கு வழி செய்தனர். கோடை முகாம்களுக்கு அனுப்பினர். போர்க்காலம் ஆதலின் அவர்களுட் சிலர் இடையில் விலக, சிறுவர் கைமாற நேர்ந்தது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் அச்சிறுவர்களின் வாழ்வை ஆராய்ந்த ஜோன் மெக்கார்ட் அம்மையார், 1978இல் தம் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றவர்களிடையே குற்றம் குறையவில்லை. அதற்கும் மேலாக, ஒரு முறைக்கு மேல் குற்றம் புரிதல், குடிநோய், மனநோய், இளவயது மரணம் ஆகியவை உதவி பெறாதவர்களைவிட இவர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டன. உதவி பெற்றோருள் மூன்றில் இரு பங்கினர், அது தமக்கு நன்மையாக இருந்தது என்றே நன்றியுடன் நினைவுகூர்ந்தனர் என்பது இன்னும் வியப்புக்குரியது. கொடுத்தவர் நல்லவர், பெற்றவர் நன்றியுள்ளவர், விளைவோ தீது! சாய்ந்து நிற்கப் பழகிய பிள்ளை, தாங்கிய தோள் விலகியதும் தடுமாறியிருக்கலாம் என்பது அம்மையார் கூறிய ஊகங்களுள் ஒன்று.

2002இல் கிராஸ்மன், ரோட்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர், தன்னார்வ வழித்துணை பெற்ற இளையோரைப் பற்றி வெளியிட்ட ஆய்வும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவில் நன்மை மிகுந்தது. மூன்று மாதங்களுக்குள் அறுந்த உறவிலோ, பிள்ளைகள் தம்மைத் தாமே மதிக்கும் மதிப்பும் குறைந்தது. முன்பே பலரால் கைவிடப்பட்ட பிள்ளைக்கு நாமும் ஒரு கைவிடுதலைச் சேர்த்துக் கொடுக்கலாமா?

“அப்படியாயின் ஒதுங்கியிருப்பதே நலமல்லவா?” என்று சிலர் கேட்கக் கூடும். அன்று, ஒதுங்குதல் பிள்ளையைத் தெருவிடம் ஒப்படைப்பதாகும். நம் தோளின் வலிவை அளந்து செல்க என்பதே நாம் கூறுவது. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் துணை நிற்பதைவிட, ஒரு பிள்ளைக்கு மூன்றாண்டு நிற்பது மேல். தனித்துச் செயல்படாமல், நன்னடத்தை அலுவலரோடும் பெற்றோரோடும் கலந்து செல்லுதல் அறிவுடைமை. தவறு செய்த பிள்ளையிடம் அதைத் தவறென்றே சொல்லுதலும் வேண்டும்; அவன் கையால் இழப்புற்றவரின் கண்ணீரை மறந்த பரிவு நீதியாகாது. அவன் பொய் சொல்வான். ஒரு நாள் மீண்டும் வழுக்கவும் செய்வான். கடன் திரும்பாத அந்த நாளில் எழுந்து போகாதவரே ஜாமீன் நின்றவர்.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டத்தில் இடமுண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இளைஞர் நீதிக் குழுமம் ஒரு சிறுவனை நன்னடத்தையின் பேரில் பெற்றோரிடமோ தகுதியுடைய ஒருவரிடமோ மூன்றாண்டு வரை ஒப்படைக்கலாம். அவனுடைய அடையாளத்தை வெளியிடுதல் கூடாது. அவன் புதுவாழ்வு தொடங்கும் உரிமை உடையவன். ஆண்டுக்கொரு முறை பெருநாளன்று கூர்நோக்கு இல்லத்திற்குப் பிரியாணிப் பொட்டலங்களோடு சென்று, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க விரும்புவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். அப்படம் நமக்குப் புகழ் தரலாம். அவனுக்கோ அது அழியாத வடு.

அந்தப் பிள்ளை நாம் நன்மை ஈட்டும் கருவி அல்லன். அவன் நம்மிடம் ஒப்படைக்கப்படும் அமானிதம். அமானிதத்தைப் பெறுமுன் எண்ணிப் பார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். பெற்றுக்கொண்ட பின் நடுவழியில் இறக்கி வைக்கும் உரிமை நமக்கில்லை.