யார் செலவில் காத்திருப்பது?

வேலை தேடும் இளைஞனுக்குப் புத்திமதி சொல்வதைப் போல எளிதான காரியம் வேறொன்றும் இல்லை. “கிடைத்த வேலையில் சேர்ந்துகொள், எந்தத் தொழிலும் இழிவில்லை” என்பார் ஒரு பெரியவர். “சில்லறை வேலையில் போய் மாட்டிக்கொள்ளாதே, படிப்புக்கேற்ற வேலை வரும்வரை பொறுத்திரு” என்பார் மற்றொருவர். இருவரும் நல்லவர்களே. ஆனால், இருவருக்கும் மாதம் பிறந்தால் சம்பளமோ பென்ஷனோ தவறாமல் வந்துவிடுகிறது.

இவற்றில் எந்த யோசனை லாபகரமானது என்று ஆராய்வது என் நோக்கமல்ல. அதைச் சொல்ல என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். எனக்குள் எழும் கேள்வி வேறு. படித்த ஒருவன் தன் படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கலாமா? அப்படிக் காத்திருக்க அவனுக்கு நியாயம் உண்டா? உண்டென்றால், எத்தனை காலத்துக்கு உண்டு?

2024-ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் தில்லி ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் சேர்ந்து இந்தியாவின் வேலைவாய்ப்பைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உழைக்க முன்வரும் பட்டதாரி இளைஞர்களில் நூற்றுக்கு 29.1 பேருக்கு வேலையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிலோ, வேலையற்றவர்கள் நூற்றுக்கு 3.4 பேர்தான். இதைப் படித்துவிட்டு, ‘படிக்காதவனே பாக்கியசாலி’ என்று எண்ணிவிடக் கூடாது. படிக்காத ஏழை ஒரு நாள் கூலியை விட்டால் அன்றைக்கு அவன் வீட்டில் உலை ஏறாது. ஆகவே, வெயிலோ மழையோ எதையாவது செய்துகொண்டிருக்கிறான். வேலையில்லாமல் இருப்பதற்கும் ஒரு முதல் வேண்டியிருக்கிறது. அந்த முதலை யாரோ போட வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். எஞ்சினீயரிங் படித்துத் தேறியவன். நாலு வருஷமாக அரசாங்கப் பரீட்சைகளுக்குப் படிக்கிறான். மதுரை நத்தம் சாலையில் 2023-இல் திறந்தார்களே கலைஞர் நூற்றாண்டு நூலகம், அங்கே காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவான். சோம்பேறி என்று அவனை யாரும் சொல்ல முடியாது. அவன் தாய் விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டி இட்லி வியாபாரம் செய்கிறாள். தங்கை பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடைக்குப் போகிறாள்.

“இன்னும் எத்தனை நாளம்மா இப்படி?” என்று அந்தத் தாயிடம் ஒரு நாள் கேட்டேன்.

“படிச்ச பிள்ளையைப் போய் மூட்டை தூக்கச் சொல்றீங்களா சார்? நான் இருக்கேன்ல?” என்றாள் அவள்.

தங்கை ஒன்றும் சொல்லவில்லை. கடையில் பகலெல்லாம் நின்ற கால்களை நீட்டிப்போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பையனின் கட்சியை முதலில் பேச வேண்டும். படிப்பு என்றால் உத்தியோகம் என்ற முடிச்சை அவன் போடவில்லை. 1844-ஆம் ஆண்டிலேயே ஹார்டிஞ்சு பிரபு, ஆங்கிலப் படிப்புப் படித்தவர்களுக்கு அரசாங்க வேலையில் முதலிடம் என்று உத்தரவு போட்டார். சென்னைச் சர்வகலாசாலை பிறந்ததே அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1857-இல்தான். உத்தியோகம் முன்னே வந்தது. கல்வி அதன் பின்னே வந்தது. பிறகு கல்லூரிகள் பெருகின. 2010-க்குப் பின் ஒரு சமயம் தமிழ்நாட்டில் எஞ்சினீயரிங் கல்லூரிகள் மட்டுமே ஐந்நூறைத் தாண்டின. காணி நிலத்தை விற்றுப் பணம் கட்டிய தகப்பன் கல்வியையா விலைக்கு வாங்கினான்? ஒரு வாக்குறுதியை அல்லவா வாங்கினான்? கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவர்கள் சும்மா இருக்க, வாங்கினவனைப் பார்த்து, ‘உனக்கு ஏன் இவ்வளவு ஆசை?’ என்று கேட்பது அழகல்ல.

‘முயற்சி போதாது’ என்பார்கள். 2022-ஆம் ஆண்டு நடந்த குரூப் நான்கு தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம். பிறகு சில ஆயிரம் இடங்களைக் கூட்டினார்கள். அப்படியும் ஓர் இடத்துக்கு இருநூறு பேர். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரமே செய்து முயற்சியைப் போற்றியிருக்கிறார். ஆனால், ஒரு நாற்காலியில் இருநூறு பேரை உட்கார வைக்கும் வித்தை எந்த முயற்சியாலும் கைவராது. இருநூறு பேரும் இரவு பகலாகப் படித்தாலும் நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் வீடு திரும்பத்தான் வேண்டும்.

‘எந்தத் தொழிலும் இழிவில்லை’ என்ற வாக்கியத்தையும் நான் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன். வாக்கியம் உண்மையானது. அதைச் சொல்லும் வாய்தான் எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. 1953-இல் ராஜாஜி, பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் படித்துவிட்டு மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. ஏன் அத்தனை கோபம்? தலைமுறை தலைமுறையாகப் பிறப்பைக் காட்டி ஒரு தொழிலில் கட்டிப்போடப்பட்டவனிடம், ‘உன் தொழில் இழிவில்லை, அதையே செய்’ என்றால் அவனுக்கு அது உபதேசமாகவா கேட்கும்? பழைய கயிற்றின் சத்தமாகத்தான் கேட்கும். தொழிலுக்கு மதிப்பைப் பேச்சு கொண்டுவராது. ஜவுளிக்கடையில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் நம் சட்டசபை சட்டம் செய்தது. ஒரு நாற்காலி கொடுப்பதற்கே சட்டம் வேண்டியிருந்த இடத்தில், ‘எல்லாத் தொழிலும் உயர்ந்தது’ என்று மேடையில் முழங்கி என்ன பயன்?

ஆக, அந்த இளைஞனுக்குக் காத்திருக்க நியாயம் உண்டு என்றே நான் தீர்ப்புச் சொல்வேன். ஆனால், தீர்ப்பு அத்துடன் முடிந்துவிடவில்லை.

அவன் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு கடன். அதைக் கொடுப்பது அரசாங்கமல்ல. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்த ஏழைப் பட்டதாரிக்கு அரசு கொடுத்துவந்த உதவித்தொகை மாதம் 600 ரூபாய். நாளைக்கு இருபது ரூபாய். அவன் தாய் விற்கும் இட்லியிலேயே இரண்டுக்கோ மூன்றுக்கோதான் காணும். உண்மையான கடன் கொடுப்பவர்கள் அந்த அடுப்படியிலும் அந்த ஜவுளிக்கடையிலும் இருக்கிறார்கள். தாய் மனமுவந்து கொடுக்கிறாள். தங்கையை யாரும் கேட்கவேயில்லை. கேட்காமல் வாங்குகிற கடனுக்கு நம் பாஷையில் வேறு பெயர் உண்டு.

ஆகவே, கடன்காரனுக்குரிய ஒழுக்கம் அவனுக்கும் உண்டு. முதலில், யாரிடம் வாங்குகிறோம் என்று தெரிந்து அவர்களிடம் வாய்திறந்து கேட்பது. அடுத்து, கெடு வைப்பது. ‘இன்னும் இரண்டு பரீட்சை, அதற்கு மேல் இல்லை’ என்று சொல்லிவிடுவது. மூன்றாவது, வட்டியையாவது கட்டிக்கொண்டிருப்பது. மாலையில் நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாலும் போதும்.

‘ஒரு தடவை சின்ன வேலையில் கால் வைத்துவிட்டால் வாழ்க்கையே திசைமாறிவிடுமே!’ என்று இளைஞர்கள் அஞ்சுகிறார்கள். வேலை வேறு, திசை வேறு. எப்.ஏ. பரீட்சையில் தேறாத ராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அந்த மேஜையிலிருந்துதான் மறு வருஷம் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார். அவரைப் போல எல்லோரும் ஆகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கை கொடுக்க ராமச்சந்திர ராவும் நாராயணையரும் இருந்தார்கள். குமாஸ்தா வேலை அவருடைய கணிதத்தைத் தின்றுவிடவில்லை என்பதை மட்டுமே சொல்கிறேன்.

நானும் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததோடு நின்றவன். ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டே இரவில் கதை எழுதினேன். அதைச் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. பட்டம் இல்லாதவனுக்கு அந்த வேலையில் வெட்கப்பட ஒன்றுமில்லை; பட்டம் வாங்கியவனுக்கு ஊர் முழுவதும் வெட்கத்தை ஊட்டிவிடுகிறது. கல்யாண வீட்டில், ‘தம்பி இப்போ என்ன பண்றாப்பலே?’ என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமே, அங்கே தொடங்குகிறது அந்தப் பையனின் நாலு வருஷம்.

இளைஞன் கெடு வைக்கட்டும். அந்தக் கெடு முடிந்து அவன் ஒரு சின்ன வேலைக்குப் போகும் நாளில், அவன் முகத்தை நேராகப் பார்த்துப் பேச நாம் பழகியிருக்க வேண்டும். அதுவரை அவனுக்குப் புத்திமதி சொல்லும் தகுதி நமக்குச் சற்றுக் குறைவுதான்.