யாரும் பார்க்காத நட்சத்திரம்

தம்மம்பட்டியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். மரச் சிற்பம் செய்கிறவர். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சிற்றூரில் அது ஓர் அதிசயமல்ல; சில தெருக்களில் நடந்தால் அடுத்தடுத்த வீடுகளில் உளிச் சத்தம் கேட்கும். நண்பர் ஒருநாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்:

"பையன் ராத்திரி பூராவும் கம்ப்யூட்டர் முன்னாலேயே உக்காந்திருக்கானுங்க. கேட்டா, நட்சத்திரம் தேடறேங்கிறான். இல்லாத நட்சத்திரத்தை எதுக்குத் தேடணும்? நீங்க எடுத்துச் சொன்னா கேட்பான்."

உபதேசம் செய்வதென்றால் எழுத்தாளனுக்கு அலுக்குமா? சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு பையனின் அறைக்குள் போனேன்.

அவன் ஆடிக்கொண்டிருந்தது 'எலைட் டேஞ்சரஸ்' என்ற விளையாட்டு. 2014இல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்தது. நமது பால்வீதி மண்டலம் முழுவதையும் அதற்குள் அடைத்திருக்கிறார்கள். 40,000 கோடி நட்சத்திரக் குடும்பங்கள்! அவற்றில் ஏறக்குறைய 1,60,000 நட்சத்திரங்கள் வானியலாரின் பட்டியல்களிலிருந்து எடுத்தவை. மீதியெல்லாம் கணக்கு பெற்ற பிள்ளைகள். இன்ன இடத்தில் இவ்வளவு பொருள் இருந்தால், அது திரண்டு எப்படிப்பட்ட சூரியனாகும், அதைச் சுற்றி எத்தனை கிரகங்கள் பிறக்கும் என்று விதிகளை எழுதி வைத்துவிட்டார்கள். ஒருவன் தன் கப்பலில் அங்கே போய்ச் சேரும்போது அந்த விதிகள் அந்த உலகத்தைக் கணித்துக் காட்டுகின்றன. அவன் போனபிறகு இன்னொருவன் வந்தாலும் அதே உலகம்தான் தெரியும். முதலில் வந்தவன் பெயர் மட்டும் அங்கே பதிவாகியிருக்கும்.

பையன் எனக்கு ஓர் இடத்தைக் காட்டினான். மங்கிய சிவப்புச் சூரியன் ஒன்று. அதன் முன்னால் வளையம் போட்ட இரண்டு பெரிய கிரகங்கள், கைகோத்துக் கும்மியடிக்கும் பெண்களைப்போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. சற்று நேரம் நான் வந்த காரியத்தை மறந்துதான் போனேன்.

"இதை யாரப்பா செய்தது?" என்று கேட்டேன்.

"யாரும் செய்யலீங்க மாமா. இந்த விளையாட்டை உண்டாக்கினவங்களே இதைப் பாத்திருக்க மாட்டாங்க. நான்தான் மொதல்லே பாத்தேன்!"

அவன் பெயர் அங்கே இருந்தது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் பொய்யல்ல. ஆனால், அவன் கண்டது மெய்யா? இந்தக் கேள்விக்கு என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. 'இல்லாததைப் பார்த்து மயங்காதே' என்று அவனிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இல்லாத மனிதர்களை இருப்பதாகச் சொல்லித்தானே நானும் பிழைக்கிறேன்!

ஊர் திரும்பிய பிறகு எனக்குக் கேப்டன் ஜேக்கப்பின் நினைவு வந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் ஏற்பட்ட வானியல் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இருந்தது. அதன் தலைவராக இருந்தவர் அவர். 70 ஒபியூகி என்பது சுமார் 17 ஒளியாண்டுத் தூரத்தில் இருக்கும் ஜோடி நட்சத்திரம். 88 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வருவது. அந்த ஓட்டத்தில் கணக்குக்கு ஒத்துவராத ஒரு பிசகு இருப்பதாக அவர் கண்டார். அங்கே கண்ணுக்குத் தெரியாத கிரகம் ஒன்று இருக்க வேண்டும் என்று 1855இல் எழுதினார். இன்னொரு சூரியனுக்குக் கிரகம் உண்டு என்று கணக்கோடு எழுந்த முதல் குரல்களில் ஒன்று நம் சென்னையிலிருந்து எழுந்தது!

அது தப்பான குரல். அப்படி ஒரு கிரகம் அங்கே இல்லை என்று பின்னால் தெரிந்தது. பன்னிரண்டு வருஷங்கள் கழித்து, 1867இல், அதே கூடத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். ஆர் ரெட்டிகுலி என்ற பெயரில் அது இன்றும் பட்டியலில் இருக்கிறது. ஒருவர் கண்டது நிற்கிறது; மற்றவர் கண்டது போயிற்று. இருவரும் இரவெல்லாம் விழித்தவர்கள்தாம். ஆனால் தீர்ப்புச் சொன்னது அவர்களுடைய உழைப்பு அல்ல, வானம்.

பையனின் வானத்தில் இந்தத் தீர்ப்பு கிடையாது. அங்கே அவன் காண்பது தவறாகவே முடியாது. விதி சொன்னதுதான் உலகம். உலகம் எழுந்து நின்று 'இல்லை' என்று விதியை மறுக்காது. பையனின் ஆச்சரியத்தில் குறையில்லை. அவனை மறுத்துப் பேச அங்கே யாருமில்லை என்பதுதான் குறை.

இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சியும் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் வானியலார், 40 ஒளியாண்டுத் தூரத்திலுள்ள டிராப்பிஸ்ட்-1 என்ற மங்கலான நட்சத்திரத்தை ஏழு கிரகங்கள் சுற்றுவதாக அறிவித்தார்கள். பார்த்தால், அந்த விளையாட்டின் கணக்கு ஏறத்தாழ அதே இடத்தில் ஒரு மங்கிய குள்ளனையும் ஏழு உலகங்களையும் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது! விளையாட்டைச் செய்தவர்கள் பூரித்துப் போனார்கள். பிறகு என்ன செய்தார்கள்? தங்கள் நட்சத்திரத்தை மெய்யான நட்சத்திரத்துக்கு ஏற்பத் திருத்தினார்கள். மெய்யைத் திருத்தித் தங்கள் கணக்கோடு பொருத்த அவர்களால் முடியுமா?

அடுத்த முறை தம்மம்பட்டிக்குப் போனபோது நண்பர் வாகை மரத்தில் ஓர் அம்மன் சிலை செதுக்கிக்கொண்டிருந்தார். முகத்துக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு என்று அவருக்கும் அளவும் விதியும் உண்டு. ஆனால் தோள் இருக்கும் இடத்தில் மரத்தில் ஒரு கணு. உளியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளவு தெரிஞ்சா மட்டும் ஆச்சுங்களா? மரமும் ஒத்துக்கோணுமில்லே?" என்றார்.

நான் எழுதிக்கொண்டிருந்த நாவல் ஞாபகத்துக்கு வந்தது. அதன் கதாநாயகன் ஆறு அத்தியாயங்களாக நான் சொன்னபடியெல்லாம் செய்துகொண்டிருந்தான். ஓரிடத்தில்கூட அவன் என்னை எதிர்த்ததில்லை. மனிதன் அப்படியா இருக்கிறான்? ஊருக்கு வந்ததும் அந்த அத்தியாயங்களைக் கிழித்துவிட்டேன்.

பையனுக்கு நான் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. அன்று இரவு அவனை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன். ஆனி மாதம், மேகமில்லாத வானம். நடுநிசியில் ஏறக்குறைய உச்சிக்கு வந்திருந்த 70 ஒபியூகியை இருவருமாகத் தேடிப் பிடித்தோம். வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஜேக்கப்பின் கதையைச் சொன்னேன்.

"பாவம், அவர் பேரு நிக்கலையே மாமா" என்றான்.

அதற்குப் பிறகு வெகுநேரம் பேசாமல் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பனார் கணுவைப் பார்த்த மாதிரியே இருந்தது.