அடிபடும் பெயர்கள்

சிபிஐ இயக்குநரின் பதவிக்காலம் முடியப்போகிறது என்றால், தேர்வுக் குழு கூடுவதற்குச் சில வாரங்கள் முன்பே மூன்று நான்கு பெயர்கள் செய்திகளில் அடிபடத் தொடங்கிவிடும். அடுத்தவர் யார் என்று கணிப்பது கிரிக்கெட் அணித் தேர்வைக் கணிப்பதுபோலத் தீங்கற்றதாகவே தோன்றும். ஆனால் அமைச்சர்களையும் உயர் அதிகாரிகளையும் விசாரிக்கக்கூடிய நாற்காலி அது. அதில் அமரப்போகிறவரைப் பற்றிய பேச்சு, அவர் அமர்வதற்கு முன்பே விளைவுகளை உண்டாக்கிவிடுகிறது. ஆகவே எந்தக் கணிப்பு முறையானது, எது தவறு என்பது ஓர் அறக்கேள்வியாகிறது.

தேர்வு முறை சட்டத்தில் இருக்கிறது. வினீத் நாராயண் வழக்கில் 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இயக்குநருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுப் பதவிக்காலத்தை உறுதிசெய்யச் சொன்னது. 2013-ஆம் ஆண்டின் லோக்பால் சட்டம் வந்தபின், பிரதமர், மக்களவை எதிர்க்கட்சித் தலைவர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி அல்லது அவர் குறிப்பிடும் நீதிபதி ஆகிய மூவர் கொண்ட குழு பெயரைப் பரிந்துரைக்கிறது. பணிமூப்பு, நேர்மை, ஊழல் வழக்குகளைப் புலனாய்வு செய்த அனுபவம் ஆகியவை அளவுகோல்கள்.

இந்த அளவுகோல்களை வைத்துக் கணிப்பவர் குடிமகனுக்குரிய வேலையைத்தான் செய்கிறார். எந்த ஆண்டுப் பேட்ச், எத்தனை மாதப் பணி மிச்சமிருக்கிறது, ஊழல் தடுப்புப் பிரிவில் எவ்வளவு காலம் இருந்தார் என்பவையெல்லாம் சரிபார்க்கக்கூடியவை. இன்னொரு வகைக் கணிப்பு உண்டு. அது ‘இவர் இன்னாருடைய ஆள், ஆகவே இவருக்குத்தான் கிடைக்கும்’ என்று போகும். சிக்கல் முழுவதும் இதில்தான்.

2021 மே மாதத் தேர்வில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்பட்டது. பதவி பிப்ரவரியிலிருந்தே முழுநேரத் தலைவர் இல்லாமல் இருந்தது. எல்லைப் பாதுகாப்புப் படைத் தலைவர் ராகேஷ் அஸ்தானா, தேசியப் புலனாய்வு முகமைத் தலைவர் ஒய்.சி. மோடி ஆகியோரின் பெயர்கள் முன்வரிசையில் பேசப்பட்டன. மே 24 அன்று குழு கூடியது. ஓய்வுபெற ஆறு மாதத்துக்கும் குறைவாக உள்ளவர்களைக் காவல்துறைத் தலைமைக்குப் பரிசீலிக்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்ற நெறியைத் தலைமை நீதிபதி என்.வி. ரமணா நினைவூட்டியதாகச் செய்திகள் கூறின. சில மாதங்களுக்குள் ஓய்வுபெற இருந்த அந்த இருவரும் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டார்கள். மறுநாள் அறிவிக்கப்பட்டவர், மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படைத் தலைவராக இருந்த சுபோத் குமார் ஜெய்ஸ்வால். அந்த நெறி ரகசியமானதன்று. 2019 மார்ச் முதல் அச்சில் இருந்தது. பெயரோடு ஓய்வு தேதியையும் சேர்த்துப் பார்த்திருந்தால் யாருக்கும் கிடைத்திருக்கும் தகவல் அது.

நெருக்கத்தை வைத்துச் செய்யும் கணிப்பு பலிக்காமல் போவது சிறிய குறைதான். பலிக்கும்போதுதான் அது அதிகம் கெடுக்கிறது. ஒரு புலனாய்வு அதிகாரியின் மேசையில் அரசியல் செல்வாக்குள்ள ஒருவருக்கு அழைப்பாணை அனுப்பும் குறிப்பு கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. வரப்போகும் தலைவர் அந்தச் செல்வாக்குக்கு வேண்டியவர் என்று காலைச் செய்தித்தாள் சொல்கிறது. அதிகாரி பேனாவை மூடிவிட்டு, ‘மேலுத்தரவு வேண்டி’ என்று குறித்து, கோப்பைக் கட்டி வைக்கிறார். யாரும் அவருக்கு ஆணையிடவில்லை, யாரும் மிரட்டவுமில்லை. நெருக்கம்தான் தகுதி என்ற பாடத்தை அந்தச் செய்தியே அவருக்குக் கற்றுத் தந்துவிட்டது. அடுத்த தலைமுறை அதிகாரிகளும் இதையே கற்கிறார்கள் என்பது இன்னும் கவலைக்குரியது.

பெயர் அடிபடுகிறது என்று தமிழில் சொல்கிறோம். சில பெயர்கள் உண்மையாகவே அடிபட்டுப் போகின்றன. ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்க விரும்புகிறவர், அவர் பெயரை முன்கூட்டியே கசியவிட்டு, கூடவே ஒரு பழைய புகாரையும் ஒட்டிவிட்டால் போதும். பணியில் உள்ள அதிகாரி நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். பத்திரிகையில் பதில் எழுத முடியாது. பதில் சொல்ல இயலாதவர்மேல் பெயரில்லாத ஒருவரின் சொல்லை ஏற்றுவது அநீதி, அந்தச் சொல் உண்மையாகவே இருந்தாலும்.

ஆகவே பேசாமலே இருந்துவிடலாமா? கூடாது. பெயர் முன்னதாகத் தெரிவதால் நாடு தப்பித்த நேர்வுகள் உண்டு. 2004 டிசம்பரில் அமெரிக்காவின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமைக்கு, நியூயார்க் நகரக் காவல்துறையின் முன்னாள் ஆணையர் பெர்னார்ட் கெரிக்கை அதிபர் புஷ் முன்மொழிந்தார். பெயர் வெளியானதும் கேள்விகள் கிளம்பின. வீட்டுப் பணிப்பெண்ணின் குடியேற்ற நிலை, அவருக்காகச் செலுத்த வேண்டிய வரி ஆகியவற்றில் சிக்கல் இருந்ததாகச் சொல்லி ஒரே வாரத்தில் அவர் விலகினார். பின்னர் வரி மோசடி, பொய்யுரை ஆகிய குற்றங்களுக்காக 2010-ல் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அங்கே பெயர் முறையாக அறிவிக்கப்படுகிறது; செனட் விசாரித்து ஒப்புதல் தர வேண்டும்; முன்மொழியப்பட்டவர் நேரில் பதில் சொல்கிறார். இந்தியாவில் பரிசீலனைப் பட்டியல் அதிகாரபூர்வமாக வெளியாவதில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் ஊகம் நிரப்புகிறது. இதில் பெரும்பங்கு குற்றம், ஊகிப்பவரைவிட மூடிவைப்பவரையே சேரும்.

எதிர்க்கட்சி சார்பில் குழு உறுப்பினராக இருந்த அதிர் ரஞ்சன் சவுத்ரி 2021-ல் எழுப்பிய ஆட்சேபம் இதைக் காட்டுகிறது. மே 11 அன்று தமக்கு 109 பெயர்கள் தரப்பட்டன என்றும், கூட்டம் நடந்த நாளில் பகல் ஒரு மணிக்கு அது பத்தாகவும் மாலை நான்கு மணிக்கு ஆறாகவும் சுருங்கியது என்றும் அவர் குறிப்பிட்டார். எந்த அளவுகோலால் 103 பேர் விலக்கப்பட்டார்கள் என்பது உறுப்பினருக்கே விளங்காதபோது, வெளியில் இருப்பவர் நெருக்கத்தைத் தேடுவதில் வியப்பில்லை.

பட்டியல் திறக்கப்படும்வரை கணிப்பவருக்குச் சில கடமைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பெயரோடும் பேட்ச், ஓய்வு தேதி, கையாண்ட வழக்குகள் ஆகியவற்றைத் தர வேண்டும். தகவல் தந்தவருக்கு அந்தப் பெயர் வருவதிலோ போவதிலோ ஆதாயம் உண்டா என்று பார்க்க வேண்டும். ஒருவர் ஆளுங்கட்சிக்கு வேண்டியவர் என்பதற்கு ஆதாரம் இருந்தால், அவர் அந்தப் பதவிக்குத் தகுதியானவரா என்ற கேள்வியாக அதைப் பெயரிட்டு எழுத வேண்டும். ஆதாரம் இல்லாவிட்டால் எழுதக் கூடாது.